நிலா வரி

புரோக்கன் ஹில்
2 பிப்ரவரி 1987

அன்புள்ள நெவில்,

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே ஒரு பெரிய பெட்டி வரும். கேக் அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்து நாக்கைச் சப்புக்கொட்டாதே. உள்ளே இருப்பது ஓர் ஆட்டம். நாலு வருஷமாக நானே உட்கார்ந்து செய்தது. பெயர் ‘ஏழு சூரியன்கள்’. பலகை, பொத்தான்கள், காலித் தீப்பெட்டிகள், விதிப்புத்தகம் எல்லாம் இருக்கின்றன. பொத்தான்கள்தான் விண்கப்பல்கள். லென்னுடைய பழைய சட்டைகளிலிருந்து அறுத்தவை. ஒன்று தொலைந்தாலும் ஹோபார்ட்டுக்கு வந்து உன் சட்டையிலிருந்து பிய்த்துக்கொள்வேன்.

ஏன் உனக்கு அனுப்புகிறேன் என்றால், மெல்போர்னில் பெட்டி ஆட்டங்கள் அச்சடித்து விற்கும் ஒருவருக்கு இதைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரே வரியில் பதில் போட்டார்: ‘அறுகோணம்’ பத்திரிகையில் அந்தக் கணக்கு வாத்தியார் ‘ஆடலாம்’ என்று தீர்ப்பு எழுதட்டும், பிறகு பேசுவோம். அந்த வாத்தியார் என் தம்பி என்று நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அக்கா என்று இரக்கப்படவும் வேண்டாம். சரியில்லை என்றால் மற்றவர்களுக்குப் போடுவதுபோல ‘அலமாரிக்கு’ என்றே போட்டுவிடு. எனக்குத் தோல் தடிப்பு.

சனிக்கிழமைதான் எங்கள் ஆட்ட நாள். அதற்கு இன்னொரு பலகையும் பொத்தான்களும் இங்கே வைத்திருக்கிறேன். என் பிள்ளை டேரில் பண்ணையிலிருந்து வருவான். பக்கத்து வீட்டு யூரே வருவான். சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கும் வேறு போக்கிடம் இல்லை. பத்து மணிக்கு உட்கார்ந்தால் நடுவில் இறைச்சி அடைத்த பாஸ்டி சாப்பிடத்தான் எழுந்திருப்போம். லென் போன பிறகு இந்த வீட்டில் மனிதர் குரல் கேட்கும் நாள் அது ஒன்றுதான். அதனால் எனக்கு இந்த ஆட்டம் மட்டமாகத் தெரிய வழியில்லை. உன் கண்ணுக்குத் தெரியும்.

ஃபோன் பண்ணாதே. இருபது வருஷம் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சுக்கெல்லாம் ஒயர் செருகியவள் நான். வீட்டில் மணி அடித்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. எழுது.

தெல்மா


ஹோபார்ட்
22 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்கா,

பொத்தான்கள் பத்திரம். என் மானம்தான் போயிற்று.

போன சனிக்கிழமை ஹாமிஷையும் பள்ளிக்கூடத்து நண்பர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தேன். ஹாமிஷ் பௌதிக வாத்தியார். பத்து வருஷமாக என்னோடு ஆடுகிறவன். நாங்கள் ஒன்றும் சீட்டாட்டத்துக்கே மூச்சு வாங்குகிறவர்கள் இல்லை. காலையில் தொடங்கினோம். மதியம் வந்தது, போனது. நாலு பேரும் இன்னும் முதல் சூரியனைத் தாண்டவில்லை.

உன் சேதி விதியைப் பற்றிச் சொல்கிறேன். தூரத்தில் இருக்கும் கப்பலுக்கு நான் கட்டளை எழுதித் தீப்பெட்டியில் போட வேண்டும். கப்பல் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறதோ அத்தனை சுற்றுக் கழித்துத்தான் பெட்டியைத் திறக்கலாம். நான் ‘முன்னேறு’ என்று எழுதும்போது அங்கே எதிரி இல்லை. பெட்டி திறக்கும்போது எதிரி வந்து படுத்துக் கிடக்கிறான். என் கப்பல் பழைய சேதியை நம்பிப் போய்ச் சாகிறது. ஆறு தீப்பெட்டியில் எதில் என்ன எழுதினோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதற்குள் எனக்குத் தலைவலி.

சரி, அதில் ஒரு யோசனையாவது இருக்கிறது. இந்த நிலா வரி எதற்கு? கையில் இருக்கும் ஒவ்வொரு நிலாவுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்ட வேண்டும், கூட்ட வேண்டும், மூன்றால் வகுக்க வேண்டும். விடை பெரும்பாலும் பூஜ்யம். “டேய், ஆட்டம்னு கூப்பிட்டியா, இல்ல உன் வீட்டு வரிக் கணக்கு எழுத ஆள் வேணும்னு கூப்பிட்டியா?” என்று ஹாமிஷ் கேட்டான். அதற்கு மேல் பழுது விதி வேறு. சண்டை முடிந்த கப்பல்களெல்லாம் பழுது பார்க்கப் பல் டாக்டர் வீட்டில்போல வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

பாதியில் விட்டுவிட்டோம். இரண்டு பேர் சொல்லாமலே நழுவிவிட்டார்கள்.

அடியில் நல்ல ஆட்டம் ஒன்று இருக்கிறது, அக்கா. மேலே வேண்டாத சாமான்களை ஏற்றி வைத்திருக்கிறாய். சேதி விதி, நிலா வரி, பழுது விதி மூன்றையும் எடுத்துவிட்டால் பிழைக்கும். இப்படியே இருந்தால் ‘அலமாரிக்கு’ என்றுதான் எழுத வேண்டி வரும். கேட்டதால் சொல்கிறேன். நிலா வரி எதற்கு என்று மட்டும் தயவுசெய்து எழுது.

நெவில்


புரோக்கன் ஹில்
8 மார்ச் 1987

அன்புள்ள நெவில்,

தோல் தடிப்பு என்று எழுதியது பொய். இரண்டு நாள் உன் கடிதத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை யூரேவுக்கும் டேரிலுக்கும் அதைப் படித்துக் காட்டினேன். பல் டாக்டர் இடத்தில் யூரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டேரில் சிரிக்கவில்லை. “நெவில் மாமாவுக்குத் தோக்கப் பிடிக்காதும்மா. நான் சின்னப் பையனா இருந்தப்போ என்கிட்டத் தோத்துட்டுப் பலகையவே கவுத்து வச்சவர்தானே” என்றான். அப்படிச் செய்தாயா? எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருக்கிறது.

நிலா வரி இருக்கட்டும். அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் கேட்காதே.

டேரில் சனிக்கிழமை வடக்கிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டி வருகிறான். செம்மண் ரோடு, நடுவில் ஒரு வீடு கிடையாது. ஆட்டம் முடியும்போது இருட்டியிருக்கும். இருட்டினால் எங்கள் ரோட்டில் யாரும் வண்டி எடுப்பதில்லை. நீ இங்கே பிறந்தவன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மங்கும் நேரத்தில் கங்காருக்கள் ரோட்டோரத்துப் புல்லுக்கு வந்துவிடும். அதனால் அவன் சோபாவில் படுத்துக்கொள்வான். காலையில் முட்டையும் பன்றி இறைச்சியும் வறுத்துப் போடுவேன். வாயைத் திறந்து அதிகம் பேசுகிறவன் இல்லை, அப்பாவைப் போல. ஆனால் தட்டை வழித்துச் சாப்பிடுவான். எங்கள் ஆட்டம் எவ்வளவு நேரம் போகிறது என்று இதிலிருந்து தெரிந்துகொள்.

நேற்று மெல்போர்ன்காரரிடமிருந்தும் கடிதம் வந்தது. நீ சொல்லாமலே நீ சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். இந்தக் காலத்தில் யாரும் நாள் முழுக்க உட்கார மாட்டார்களாம்.

யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதே.

தெல்மா


ஹோபார்ட்
29 மார்ச் 1987

அன்புள்ள அக்கா,

பலகையைக் கவிழ்த்தேனாம். உன் மகனுக்கு ஆயுசு முழுக்க ஞாபகசக்தி. கவிழ்க்கவில்லை, முழங்கை பட்டது.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடித் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். சிக்கலாக இருந்தால் ஆழமாக இருக்கிறது என்று செய்தவர்கள் எல்லோருமே நினைத்துக்கொள்கிறார்கள். விதியைக் கூட்டுவது சுலபம். ஒரு விதியைச் சேர்க்கும்போதெல்லாம் ஆடுகிறவனிடமிருந்து அரை மணி நேரம் திருடுகிறோம். அந்த அரை மணிக்குப் பதிலாக அவனுக்கு என்ன கொடுக்கிறோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நிலா வரி என்ன கொடுக்கிறது? ஒன்றும் கொடுக்கவில்லை. நீயே சொல்ல முடியாமல் மழுப்புகிறாய்.

என்னைக் கேட்டால் நல்ல ஆட்டத்துக்கு ஓர் இலக்கணம் போதும். அது முடிய வேண்டும். முடிந்ததும் மனிதன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். உன் ஆட்டத்தில் ஆட்களைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கிறாய்.

உனக்கு இது கடையில் வர வேண்டுமா, இல்லை உன் சமையலறை மேஜையோடு நிற்க வேண்டுமா? அதை முடிவு பண்ணு. மேஜையோடு நிற்கட்டும் என்றால் என்னை எதற்குக் கேட்டாய்?

நெவில்


புரோக்கன் ஹில்
20 ஏப்ரல் 1987

நெவில்,

எடுத்துவிட்டேன். மூன்றையும்.

கடையில் வர வேண்டும் என்றுதான் ஆசை. எக்ஸ்சேஞ்சில் இருந்த இருபது வருஷமும் மற்றவர்கள் பேசுவதற்குத்தான் ஒயர் செருகினேன். ஒரு தடவையாவது என் பெயர் ஒரு பெட்டியின் மேல் இருக்கட்டுமே என்று இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சனிக்கிழமை புது விதியில் ஆடினோம். நாலு மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. டேரில் ஜெயித்தான். யூரேவுக்கு ஒரே குஷி. “இப்பத்தான் தெல்மா இது ஆட்டம்! முன்னெல்லாம் ரெண்டாவது ஷிஃப்டு பாத்த மாதிரி இருக்கும்” என்றான். டேரில் பொத்தான்களைப் பெட்டியில் போட்டான். ஜன்னலைப் பார்த்தான். “சரிம்மா, வெளிச்சம் இருக்கு, நான் கெளம்பறேன்” என்றான்.

ராத்திரிக்குச் செய்த பாலாடைக்கட்டி, கேரட், முட்டைக்கோஸ் சாலட் ஒரு பாத்திரம் நிறைய மீந்து போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கு முட்டை உடைத்துவிட்டேன்.

புது விதிப்புத்தகம் இதோடு இருக்கிறது. சரியாக இருந்தால் எழுதிவிடு.

தெல்மா


ஹோபார்ட்
10 மே 1987

அன்புள்ள அக்கா,

ஜெயித்துவிட்டாய்! நாலு பேரும் ஆடினோம். ஹாமிஷ் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தான். ஐந்தாவது சூரியனில் நான் வைத்த பொறியில் அவன் விழுந்து, “பாவி, கணக்கு வாத்தியார்னு நம்பினேனே!” என்று கத்தினான். மதியம் தொடங்கி மாலை தேநீருக்குள் முடித்துவிட்டோம். நழுவின இரண்டு பேரும் மறுபடி எப்போது என்று கேட்கிறார்கள்.

விமர்சனம் எழுதி ‘அறுகோண’த்துக்கு அனுப்பிவிட்டேன். கடைசியில் என்ன போட்டேன் என்று உனக்குத் தெரியும். ஜூலை இதழில் வரும். மெல்போர்ன்காரருக்கு ஒரு நகல் நேரே போகும்படி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். நீ என் அக்கா என்று மூச்சு விடவில்லை.

டேரிலிடம் சொல், மாமாவுக்கு ஜெயிக்கவும் தெரியுமென்று.

நெவில்


ஹோபார்ட்
11 ஜூன் 1987, வியாழன்

அன்புள்ள அக்கா,

இதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

புது ஆட்டத்தை இதுவரை நாலைந்து தடவை ஆடிவிட்டோம். முதல் தடவை இருந்த சூடு இப்போது இல்லை. எல்லோருக்கும் எல்லாம் உடனே தெரிந்துவிடுகிறது. கப்பலைப் பார்க்கிறோம், நகர்த்துகிறோம், அவ்வளவுதான். போன வாரம் ஹாமிஷ் கொட்டாவி விட்டான். அப்புறம் அவனே சொன்னான்: “டேய், அந்தத் தீப்பெட்டியெல்லாம் எங்கடா? அத எடுத்துட்டு வா. சேதி போய்ச் சேருமா சேராதான்னு ஒக்காந்திருந்தமே, அந்த வயித்தெரிச்சல்தானே ஆட்டம்.”

பழைய விதியில் ஒரு மாலை முழுக்க ஆடிப் பார்த்தேன். அவன் சொல்வது சரி. சேதி விதிதான் அந்த ஆட்டத்தின் உயிர். நான் அவசரத்தில் அதையும் சேர்த்து வெட்டச் சொல்லிவிட்டேன். நிலா வரி குப்பைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் சேதி விதியைத் திரும்பப் போடு. இந்தச் சனிக்கிழமையே டேரிலோடு பழையபடி ஆடிப் பார். நேரம் கூடும், கூடட்டும். மெல்போர்ன்காரரிடம் நான் எப்படியாவது பேசுகிறேன்.

மலையில் பனி விழுந்துவிட்டது. நாலரைக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

நெவில்


புரோக்கன் ஹில்
2 ஜூலை 1987

நெவில்,

உன் கடிதம் டேரிலை அடக்கம் செய்த அன்று காலையில் வந்தது. தபால்காரர் வாசலில் கூட்டத்தைப் பார்த்து, யூரே கையில் கொடுத்துவிட்டுப் போனார். இந்தச் சனிக்கிழமையே பழையபடி ஆடிப் பார் என்று எழுதியிருந்தாய். அந்தச் சனிக்கிழமை போய்விட்டிருந்தது.

யூரேவை விட்டு உனக்கு ஃபோன் பண்ணி, விஷயத்தை மட்டும் சொல்லி, வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னது நான்தான். நீ நேரில் வந்து நின்றால் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியிருப்பேன். எல்லோருக்கும் முன்னால் பேசியிருப்பேன். இப்போது எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் தேதி யூரேவுக்குச் சளி, தாமதமாக வந்தான். தாமதமாகத்தான் தொடங்கினோம். ஐந்து மணிக்கு முடிந்தது. ஏப்ரலில் வெளிச்சத்திலேயே முடிந்ததைப் பார்த்துப் பார்த்து, குளிர்காலம் வந்தது எனக்கு உறைக்கவே இல்லை. வெயில் சுரங்கக் குன்றுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. “இருந்துட்டுப் போடா” என்றேன். “ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சேம்மா, இனி இங்க உக்காந்து என்ன பண்றது? காலைல பம்ப் வேற பாக்கணும். இன்னும் வெளிச்சம் இருக்கு” என்றான். “ரோட்டுல கங்காரு இருக்கும்டா” என்றேன். “நான் பாக்காத கங்காருவாம்மா?” என்றான். சிரித்துக்கொண்டுதான் போனான்.

ஊரைத் தாண்டி அரை மணி நேரத்தில். கங்காரு குறுக்கே வந்திருக்கிறது, வண்டியைத் திருப்பியிருக்கிறான். திருப்பக் கூடாது, நேரே இடித்துவிட வேண்டும் என்று லென் அவனுக்குப் பத்து வயதிலேயே சொல்லிக் கொடுத்தது. தெரியும் அவனுக்கு. இருந்தும் திருப்பியிருக்கிறான். வண்டி உருண்டுவிட்டது. அந்தக் கங்காருவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று போலீஸ்காரர் சொன்னார். ஏன் அதை என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நிலா வரி எதற்கு என்று கேட்டாயே. இப்போது சொல்கிறேன்.

லென் செத்த வருஷம் இந்த ஆட்டத்தைத் தொடங்கினேன். அப்போது சின்ன ஆட்டம்தான். ஒரு நாள் என்னவோ இழுத்துக்கொண்டே போய் இருட்டிவிட்டது. டேரில் ஜன்னலைப் பார்த்து, “இருட்டிடுச்சும்மா, இனிமே எங்க போறது?” என்று சோபாவில் படுத்துக்கொண்டான். காலையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அப்பா செத்த பிறகு அன்றுதான் அவன் அப்பாவைப் பற்றி வாய் திறந்தான். அடுத்த வாரம் சேதி விதியைச் சேர்த்தேன். கோடையில் இருட்ட நேரமாகும். அதனால் பழுது விதியைச் சேர்த்தேன். அதுவும் போதவில்லை. நிலா வரி சேர்த்தேன். அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை, நெவில். நீ கண்டுபிடித்தது சரி. அது அரை மணி நேரம். அவ்வளவுதான் அது. இருட்டுவதற்கு அரை மணி நேரம் குறைந்தது, அதைப் போட்டேன்.

அம்மா ‘இரு’ என்றால் இருபத்தாறு வயது ஆண்பிள்ளைக்கு ரோஷம் வரும். ஆட்டம் ‘இரு’ என்றால் இருப்பான். பாதி ஆட்டத்தில் எழுந்து போகிற பையன் இல்லை அவன். பழைய விதியாக இருந்திருந்தால் அன்று ஐந்து மணிக்கு நாங்கள் இரண்டாவது சூரியனில் இருந்திருப்போம்.

இதை மார்ச்சிலேயே உனக்கு எழுதியிருக்கலாம். மகனைக் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்திவைக்க விதி போட்டேன் என்று ஒரு தீர்ப்பு எழுதுகிறவனிடம் எப்படிச் சொல்வது? நீ ஹாமிஷிடம் படித்துக் காட்டுவாய், சிரிப்பீர்கள். அதனால்தான் இருக்கட்டும் என்று எழுதினேன். நீ விடவில்லை. மழுப்புகிறாய் என்றாய். உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. வெட்டச் சொன்னது நீ. வெட்டினது நான். என் பெயர் பெட்டியின் மேல் வர வேண்டும் என்று வெட்டினேன். இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று படுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கிறேன். பிரிய மாட்டேன் என்கிறது.

பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தெல்மா


ஹோபார்ட்
9 ஜூலை 1987

அக்கா,

என்ன எழுதினாலும் அசிங்கமாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு காரணத்துக்காக உடனே எழுதுகிறேன்.

‘அறுகோணம்’ ஜூலை இதழ் அச்சாகிவிட்டது. உன் கடிதம் வந்த அன்றே ஆசிரியரைக் கூப்பிட்டேன். அச்சகத்தில் கட்டு கட்டாகக் கிடக்கிறது, உறையில் போட ஆரம்பித்துவிட்டோம் என்றார். ‘ஒரு பக்கத்தைக் கிழித்துவிட முடியாதா’ என்று கேட்டேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். நானே பணம் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆட்டத்தைச் செய்தவர்களுக்கு ஒரு பிரதி போகும். உனக்கும் வரும். பிரிக்காதே, அடுப்பில் போட்டுவிடு.

அதில் என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். வேறு எவர் வாயாலும் நீ கேட்கக் கூடாது. மே மாதத்தில், குஷியில், இப்படி எழுதினேன்: ‘இந்த ஆட்டத்தின் பெரிய சிறப்பு, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடுவது. யாரையும் கட்டிப்போடாது. வெளிச்சம் இருக்கும்போதே எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.’

இதற்கு மேல் எழுத என் கை வரவில்லை. டேரில் சொன்னது நிஜம், பலகையை நான்தான் கவிழ்த்தேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. முழங்கை படவில்லை.

வரச் சொன்னால் வருகிறேன். திட்டுவதற்காக என்றாலும் வருகிறேன்.

நெவில்


புரோக்கன் ஹில்
3 ஆகஸ்ட் 1987

நெவில்,

உன் கடிதத்துக்கு முன்னால் பத்திரிகை வந்துவிட்டது. யூரே சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். “தெல்மா, உன் பேர் போட்டிருக்கான்!” என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருஷமானாலும் அவன் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினான். திரும்ப மனதுக்குள் படித்தான். பத்திரிகையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, “தேத்தண்ணி போடட்டுமா?” என்றான். எழுபது வயது ஆள் அழுதுகொண்டே கெட்டிலைத் தேடினான். பிறகு நானே வாங்கிப் படித்தேன்.

மெல்போர்ன்காரரும் படித்திருக்கிறார். ரொம்பச் சந்தோஷமாம். பெட்டியின் மேல் அந்த வரியையே பெரிதாகப் போடப் போகிறாராம், வெளிச்சத்திலேயே வீட்டுக்குப் போகலாம் என்று. நான் பதில் எழுதினேன். மூன்று விதிகளையும் திரும்பப் போட்டால்தான் தருவேன், இல்லாவிட்டால் இல்லை என்றேன். நல்ல மனிதர்தான், கதவைச் சாத்திவிடவில்லை. நீண்ட ஆட்டத்துக்கும் அதே விமர்சகர் ‘ஆடலாம்’ என்று எழுதிக் கொடுத்தால் யோசிக்கிறேன் என்கிறார்.

அதனால் மறுபடியும் உன்னிடம்தான் வருகிறேன். நிலா வரியோடு, பழுது விதியோடு, தீப்பெட்டியோடு முழுசாக ஆடு. பாதியில் விடாதே. ஆடிவிட்டுச் சொல், இது ரசிக்கும்படி இருக்கிறதா, இல்லை தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறதா. பாவம் அக்கா, பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று ‘ஆடலாம்’ போட்டாயானால் உன்னோடு எனக்குப் பேச்சு கிடையாது. நீ பிப்ரவரியில் எப்படி எழுதினாயோ அப்படி எழுது. அந்தக் கடிதத்துக்கு டேரில் சிரிக்கவில்லை என்றேனே, பண்ணைக்குத் திரும்பும்போது வாசலில் நின்று சிரித்தான். “பல் டாக்டர் வீடாம்மா” என்றான்.

பலகை இங்கே மேஜையில் இல்லை. பெட்டிக்குள் இருக்கிறது. என்னால் இன்னும் திறக்க முடியவில்லை. நீதான் ஆடிச் சொல்ல வேண்டும்.

தெல்மா


ஹோபார்ட்
30 ஆகஸ்ட் 1987

அக்கா,

ஆடினேன். நான், ஹாமிஷ், முதல் தடவை நழுவிய இரண்டு பேரில் ஒருவன். எதற்காக ஆடுகிறோம் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை.

நீ கேட்டபடி சொல்கிறேன். நல்ல ஆட்டம் இல்லை. சேதி விதி அருமை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. பழுது விதி இழுவை. நிலா வரி ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஹாமிஷ் பகடையை உருட்டி உருட்டிக் கை வலிக்கிறது என்றான். தேவையில்லாத சிக்கல். பத்திரிகையில் ‘ஆடலாம்’ என்று என்னால் எழுத முடியாது. எழுதினால் அது பொய், நீ கண்டுபிடித்துவிடுவாய். தீர்ப்பு: அலமாரிக்கு. மெல்போர்ன்காரருக்கும் இதையே எழுதிவிட்டேன். உன் பெயர் எந்தப் பெட்டியின் மேலும் வராது. மன்னித்துக்கொள்.

ஒரு விதியையும் எடுக்காதே.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்றாவது சூரியனுக்கு வரும்போது ஜன்னல் கறுத்துவிட்டது. ஹாமிஷ் வீடு ஆற்றுக்கு அப்பால் மலைமேல் இருக்கிறது. அந்த ரோட்டில் இருட்டினால் வாலபிகள், எங்கள் ஊர்க் குட்டிக் கங்காருக்கள், துள்ளிக்கொண்டே இருக்கும். அவன் கோட்டைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். அவனுடைய தீப்பெட்டி ஒன்று இன்னும் திறக்கவில்லை. “இருட்டிடுச்சே. உன் வீட்டுல போர்வை எதாவது இருக்கா?” என்றான். இரண்டு போர்வையை எடுத்துச் சோபாவில் போட்டேன். நிலா வரிக்குப் பகடையை அவன் கையில் கொடுத்தேன், அவன் திட்டிக்கொண்டே உருட்டினான்.

காலையில் இரண்டு பேருக்கும் முட்டை வறுத்துப் போட்டேன். பிறகு வெளிச்சத்தில் போனார்கள். ஆட்டம் முடியவில்லை. பலகை அப்படியே மேஜையில் இருக்கிறது, லென்னின் பொத்தான்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. அடுத்த சனிக்கிழமையும் வருகிறேன் என்று ஹாமிஷ் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

நெவில்